வீட்டு வைஃபையும் வங்கிப் பணமும் பத்திரமாக இருக்க 25 குறிப்புகள்

கணினிப் பாதுகாப்பு என்றதும் பலருக்கும் கடையில் ஆன்ட்டிவைரஸ் வாங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. ரவுட்டரையும் போனையும் கம்பெனி அனுப்பிய அமைப்பிலேயே விட்டுவிட்டு எதை வாங்கினாலும் பலன் குறைவு. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பைசா செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அதற்கும் நேரமில்லை என்பவர்கள் 1, 10, 12, 25 ஆகிய நான்கையாவது இன்றே செய்துவிடுங்கள்.

1. முதல் வேலை ரவுட்டரில். வைஃபைக்குப் போடும் கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் கடவுச்சொல் வேறு. இரண்டாவது ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதுபோல ஓர் எண்ணும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்தபடியே அந்த எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டையில் தட்டினால் உள்ளே போகலாம். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் ‘அட்மின்’ என்றே இருந்தால், உங்கள் வைஃபையில் இணைந்த யாரும் அதே வழியாக உள்ளே போகலாம். உங்கள் கணினியில் புகுந்த வைரஸும் போகலாம்.

2016இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதனிடம் பெரிய சூட்சுமம் எதுவும் இருக்கவில்லை. கம்பெனிகள் போட்டு அனுப்பும் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் 60 இருந்தன, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, பிடிபட்ட அந்த வீட்டுக் கருவிகளைக் கொண்டே, இணையத் தளங்களின் முகவரியைத் தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. கடவுச்சொல்லை மாற்றி வைத்தவர்களின் கருவிகள் இந்த வழியில் சிக்கவில்லை. நீங்களும் மாற்றிவிட்டு, புதிய கடவுச்சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் பின்பக்கச் சிறு துளையில் ஊசியால் அழுத்தி ரீசெட் செய்ய வேண்டிவரும். அதன்பின் இணைப்பு கொடுத்தவர்களின் ஆள் வந்துதான் மறுபடி சரிசெய்து தர வேண்டியிருக்கும்.

2. உள்ளே போன கையோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்க வேண்டும். பழைய டபிள்யூஇபி என்றிருந்தால் அது பூட்டே இல்லை. அடுத்து, கடவுச்சொல்லுக்குப் பதில் பின் எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதில் எட்டு இலக்கப் பின் இருப்பதால் பத்துக் கோடி வாய்ப்புகள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே 11,000 முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்துவிட்டது. மூன்றாவதாக, ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ திறந்திருந்தால் அணையுங்கள். வீட்டுக்கு வெளியே இருந்து உங்கள் ரவுட்டரை மாற்றியமைக்கும் தேவை நம்மில் யாருக்கும் இல்லை.

3. வைஃபைக்குக் குடும்பப் பெயரோ ஃபிளாட் எண்ணோ வைக்க வேண்டாம். எந்த வீட்டு இணைப்பு என்று தெருவில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

4. விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை. இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த உறவினர், மாடியில் குடியிருப்பவர், பிள்ளைகளின் நண்பர்கள் எல்லாருக்கும் அதைக் கொடுங்கள். ஸ்மார்ட் டிவியையும் கேமராவையும்கூட அதிலேயே இணைத்துவிடலாம். அவற்றில் ஒன்று கெட்டாலும் உங்கள் கணினி இருக்கும் பக்கம் அது வராது.

5. ரவுட்டர் இருக்கும் இடம். டிவிக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குள், பீரோவின் மேல் என்று நம் வீடுகளில் ரவுட்டர் ஒளிந்தே இருக்கிறது. அலைக்குப் பெரிய தடை இரும்பும் தண்ணீரும். இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, கம்பி போட்ட கான்கிரீட் சுவர் எல்லாம் சிக்னலைக் குறைக்கும். வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். தூசி படிகிறது என்று துணி போட்டு மூடாதீர்கள்; சூடு ஏறி ரவுட்டர் சீக்கிரம் கெட்டுப்போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் தெரிந்தால், அறைக்குள்ளேயே இருப்பவர்கள் 5ஐயும் சுவர் தாண்டி இருப்பவர்கள் 2.4ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது வேகம், பின்னது தூரம். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 பக்கத்திலேயே இயங்குவதால், சமையலறையில் அது ஓடும்போது அங்கே நெட் தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். அடுக்குமாடியில் எல்லா வீட்டு வைஃபையும் மோதிக்கொள்ளும். அங்கே 2.4க்கு சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று படாத சேனல்கள் இவை மூன்றுதான்.

6. நெட் வரவில்லை என்றால் போனைத் தூக்குமுன் விளக்கைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நேராகப் புகார் கொடுங்கள். சுவரிலிருந்து வரும் அந்த மெல்லிய ஒயரை ஆணியில் சுற்றவோ மேசைக்காலுக்கு அடியில் நசுக்கவோ கூடாது. விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் வேகம் இல்லையென்றால், லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் சரியாக வந்தால் குறை உங்கள் வைஃபையில். கேபிளிலும் வராவிட்டால் குறை கம்பெனியிடம். விளம்பரத்தில் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அதை நினைவில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போங்கள்.

7. வீடு கட்டுகிறீர்களா? பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனிப் பைப் போட்டு கேட்6 கேபிளை இழுத்துவிடுங்கள். கரன்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது. கேபிளுக்குள் எட்டு இழைகள் உண்டு. முனையில் எட்டையும் இணைக்கச் சொல்லுங்கள். நான்கை மட்டும் இணைத்தாலும் நெட் வரும், ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. மாடி அறைக்கு சிக்னல் வரவில்லை என்று பின்னால் விலையுயர்ந்த கருவிகள் வாங்குவதைவிட இது எவ்வளவோ மலிவு.

8. கரன்ட் போனாலும் நெட் இருக்க, ரவுட்டருக்கென்றே ‘மினி யுபிஎஸ்’ கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் ரவுட்டர்களே அதிகம். வோல்ட் கூடினால் ரவுட்டர் எரிந்துவிடலாம். கோடை இடியின்போதும் ஐப்பசி மழையின்போதும் அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒளியிழையில் மின்சாரம் வராது என்றாலும் அடாப்டர் வழியே வரும்.

9. சிசிடிவி கேமரா. பொருத்த வந்தவர் போட்டுவிட்டுப் போன கடவுச்சொல் அவருக்கும் தெரியும், அவர் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியும். அவர் கிளம்பியதும் மாற்றுங்கள். படுக்கையறை, குழந்தை அறைகளில் இணையத்தோடு இணைந்த கேமரா வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

10. எல்லாக் கணக்குகளிலும் முக்கியமானது இமெயில். வங்கி, வருமான வரி, ஷாப்பிங் என்று எந்தக் கடவுச்சொல்லை மறந்தாலும் புதியது பெறும் வழி இமெயிலுக்குத்தான் வருகிறது. அதைப் பிடித்தவன் மற்ற எல்லாவற்றையும் பிடிக்கலாம். எனவே இமெயிலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் போட்டு, ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்ற இரண்டாம் பூட்டையும் போடுங்கள். கூடவே அது தரும் பேக்கப் கோடுகளை அச்செடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். போன் தொலைந்த நாளில் அந்தத் தாள்தான் உதவும்.

11. கடவுச்சொல் நீளமாக இருந்தால் போதும், புரியாததாக இருக்க வேண்டியதில்லை. தொடர்பே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடர்ந்து தட்டுங்கள். முருங்கை, சைக்கிள், மத்தளம், புதன் என்பதுபோல (இதையே வைத்துவிடாதீர்கள்). குலதெய்வத்தின் பெயரும் 123ம், பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும், வண்டி எண் எல்லாம் முதலில் முயன்று பார்க்கப்படுபவை. மாதாமாதம் மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமே கைவிட்டுவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும். ஆனால் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடக் கூடாது. அத்தனையையும் நினைவில் வைக்க முடியாதவர்கள் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாளரை வைத்துக்கொள்ளலாம். அது ஒத்துவராத பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டட்டும். இணையத்தில் இருப்பவன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை.

12. யுபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் வேண்டும். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தால், “சார், கியூஆர் அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்” என்று ஒருவர் பேசுவார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டையின் படமும் அனுப்புவார். பின் தட்டிய நொடியில் பணம் போவது உங்கள் கணக்கிலிருந்து. வீட்டில் யுபிஐ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுங்கள். தினசரி வரம்பையும் செயலியிலோ வங்கியிலோ குறைத்து வையுங்கள். காய்கறிக்கும் பால்காரருக்கும் லட்ச ரூபாய் வரம்பு எதற்கு? பெரிய சேமிப்பு இருக்கும் கணக்கை யுபிஐயில் இணைக்காமல், சிறு தொகை உள்ள தனிக் கணக்கை இணைப்பது இன்னும் நல்லது.

13. “அக்கா, தெரியாம உங்க நம்பருக்கு ஒரு ஆறு நம்பர் மெசேஜ் வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்களேன்” என்று தெரிந்தவர் பெயரிலேயே வாட்ஸ்அப் வந்தால், அது உங்கள் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றும் எண். கொடுத்தால் அடுத்த மணிநேரத்தில் உங்கள் பெயரில் உறவினர் எல்லாரிடமும் கடன் கேட்கப்படும். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘அக்கவுண்ட்’ பகுதிக்குப் போய் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டால், அந்த எண் மட்டும் தெரிந்து உள்ளே வர முடியாது. அப்படியே ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலையும் பாருங்கள். நீங்கள் அறியாத கணினி அதில் இருந்தால் வெளியேற்றுங்கள். யார் பணம் கேட்டு மெசேஜ் போட்டாலும், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் குரல் கேட்டபின்தான் அனுப்புங்கள். இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்வது நல்லது.

14. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு, மின்கட்டண பாக்கி என்ற பெயரில் வரும் கோப்பின் முடிவில் ஏபிகே என்றிருந்தால் தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகே என்பது போனில் நிறுவப்படும் செயலி. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் ஓடிபி எல்லாம் திருடனுக்குப் போகும். தவறி நிறுவிவிட்டால் உடனே ஏரோப்ளேன் மோடில் போட்டு அந்தச் செயலியை நீக்குங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

15. வங்கியிலிருந்தோ கேஒய்சிக்காகவோ பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளை இறக்கச் சொன்னால் பேச்சை அங்கேயே முறியுங்கள். அவை நல்ல செயலிகள்தான், ஆனால் உங்கள் திரையை அப்படியே எதிராளியின் கையில் கொடுப்பவை. எனிடெஸ்க் வழி மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்வதும் இதே வேலைதான்.

16. “உங்க பார்சல் டெலிவரிக்கு இந்த நம்பரை டயல் பண்ணுங்க” என்று *401* அல்லது *21* என்று தொடங்கி ஒரு கைபேசி எண்ணில் முடிவதைச் சொல்வார்கள். டயல் செய்தால் உங்கள் அழைப்பெல்லாம் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடப்படும், குரலில் வரும் ஓடிபியும் சேர்த்து. சந்தேகம் இருந்தால் ##002# என்று டயல் செய்யுங்கள். எல்லாத் திருப்பிவிடலும் நீங்கிவிடும்.

17. போலீஸ் வீடியோ காலில் கைது செய்யாது. இந்தியச் சட்டத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் தமது வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் என்று ஆரம்பிப்பார்கள். பின்னால் காவல் நிலையம்போல் அறை, சீருடை, முத்திரை போட்ட கடிதம் எல்லாம் இருக்கும். விசாரணை முடியும்வரை பணத்தை ‘சரிபார்ப்பு’க் கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். இதில் மாட்டுபவர்கள் படிக்காதவர்கள் அல்லர். வங்கியிலும் அரசுப் பணியிலும் இருந்து ஓய்வுபெற்றவர்களும் மருத்துவர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அவர்களைக் கட்டிப்போடுவது “இதை யாரிடமும் சொல்லக் கூடாது, கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது” என்ற அந்தக் கட்டளைதான். தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்: “யாரிடமும் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அந்த நிமிஷமே போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போங்கள்.” ஏமாந்துவிட்டதாகச் சொல்லும் பெரியவர்களைத் திட்டாதீர்கள். திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் அடுத்த முறை மறைக்கிறார்கள், அந்த மறைப்பில்தான் மீதிப் பணமும் போகிறது.

18. வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண்ணே சரியானது. இணைய முகவரியை வலமிருந்து படிக்கப் பழகுங்கள்: தொடக்கத்தில் வரும் ‘https://’ஐ விட்டுவிட்டால், முதல் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருப்பதுதான் உண்மையான உரிமையாளர், இடப்பக்கம் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் எவரும் சேர்க்கலாம். ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31க்குள் நம் வங்கிகள் அனைத்தும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைப் பார்த்து நுழையுங்கள். பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் தளம் நேர்மையானது ஆகாது. திருடனின் தளத்திலும் பூட்டு இருக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் பிரவுசர் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

19. ஜெராக்ஸ் கடை. ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் கடைக்காரத் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுப்பது ஊருக்கு ஊர் வழக்கமாகிவிட்டது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கணினியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், எத்தனை வைரஸ் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அச்செடுத்ததும் அவர் முன்னாலேயே ‘டெலிட் ஃபார் எவ்ரிஒன்’ கொடுங்கள். கணினியில் இறக்கிய கோப்பையும் அழிக்கச் சொல்லுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முழு ஆதார் எண் தேவைப்படாத இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கிறது. அந்தக் கடைக் கணினியில் உங்கள் இமெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறந்தால் வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருங்கள். பென்டிரைவ் கொண்டுபோனால், திரும்பி வந்ததும் வைரஸ் சோதனை செய்துவிட்டுத் திறங்கள். உள்ளே உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறியிருந்தால் எதையும் சொடுக்காதீர்கள்.

20. ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்து, ஓடிபி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை ஒன்று உண்டு. கிராமங்களுக்கு அது பெரும் உதவி, நகலெடுத்த ரேகை வைத்திருப்பவனுக்கும் வசதி. எம்ஆதார் செயலியில் ‘பயோமெட்ரிக் லாக்’ போடுங்கள். பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையில் கைரேகை ஏற்காது. போகும் முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

21. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் மருத்துவமனைகளையே முடக்கிய வான்னாக்ரை வைரஸுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 11 ஏறாத அத்தகைய கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டால் நெட், எழுத்து வேலை, வீடியோ எல்லாம் நடக்கும். தமிழ்99 விசைப்பலகையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம், செலவும் இல்லை. விண்டோஸில் இருப்பவர்களுக்கு உள்ளேயே வரும் டிஃபென்டர் போதும். ஆனால் ‘கிராக்’ போட்ட ஆபீஸும் விண்டோஸும் வேண்டாம். அவை டிஃபென்டரை அணைக்கச் சொல்லித்தான் உள்ளே வருகின்றன.

22. நகல். கல்யாண ஆல்பமும் பிள்ளையின் முதல் நடையும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அவை இல்லாமல் போவதற்கு அது ஒரு முறை கீழே விழுந்தால் போதும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது புகைப்படக்காரர்களிடமிருந்து வந்த நல்ல கணக்கு. கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. நகலெடுத்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், அந்நேரம் செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் பூட்டிவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது நகலிலிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துக் கணினிகளோடு படங்களும் போனதைப் பார்த்தவர்களுக்கு, வீட்டுக்கு வெளியே ஒன்று ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

23. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ரவுட்டரின் டிஎன்எஸ் பகுதியில் 1.1.1.3, 1.0.0.3 என்று இரண்டு எண்களைப் போட்டால், வைரஸ் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெருமளவு தடைபடும். இது கிளவுட்ஃபிளேர் 2020இல் தொடங்கிய இலவசச் சேவை. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்தத் தடை இருக்காது. அதனால் பிள்ளைகளோடு பேசுவதை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பாதீர்கள்.

24. பழைய போனை விற்கும்முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய சிம்மை விடும்முன் வங்கி, ஆதார், இமெயில் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். விட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம், ஓடிபியும் அவருக்கே போகும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது அல்ல’ என்று தெரிவிக்கலாம். தொலைந்த போனை முடக்குவதும் அதே தளத்தில்தான்.

25. பணம் போய்விட்டால் முதல் அழைப்பு 1930. இது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைபர் குற்ற உதவி எண். திருடிய பணத்தைப் பல கணக்குகளுக்கு மளமளவென்று மாற்றிவிடுவார்கள். அதற்குள் நீங்கள் சொன்னால், பணம் நிற்கும் கணக்கையே முடக்க முடியும். எனவே நாளைக் காலை வங்கி திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடுத்து வங்கிக்குச் சொல்லி அட்டையையும் யுபிஐயையும் நிறுத்தி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது அல்ல. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தாலும், புகார் கொடுத்த நேரத்துக்குப் பின் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்துப் புகார் பதியுங்கள். மெசேஜ், அழைப்பு எண், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் கொடுங்கள் என்று பிற்பாடு வருபவனும் திருடனே. 1930 என்ற எண்ணை இப்போதே வீட்டில் உள்ள எல்லாருடைய போனிலும் சேமியுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.